ஒரே பெட்டியில் இரண்டு படைகள்: பிளாஸ்டிக் வீரர்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "வரலாற்றுப் போர்களை மேசைமேல் ஆட ஆசை. பிளாஸ்டிக் மினியேச்சர் வீரர்களை வாங்கலாம் என்று பார்த்தால் 1/72, 28 மி.மீ., மென்பிளாஸ்டிக், கடின பிளாஸ்டிக் என்று தலை சுற்றுகிறது. எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, பெயின்ட் அடித்தே பழக்கமில்லாதவன் எப்படித் தொடங்குவது?"

வாங்குவதுதான் இதில் ஆகச் சுலபமான வேலை. என் அலமாரியைப் பார்த்தால் தெரியும். நெப்போலியன் 1812-ல் ரஷ்யாவுக்குக் கூட்டிப்போன படையின் கதைதான்: உள்ளே போனது ஏராளம், வெளியே வந்து மேசையில் நின்றது கொஞ்சம். மீதியெல்லாம் பெயின்ட் படாமல் சாம்பல் நிறத்தில் பெட்டிக்குள் தூங்குகிறது. இந்தப் பழக்கம் உள்ள எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு குவியல் இருக்கும். உங்கள் வீட்டிலும் வரும். கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதில்.

எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் போர் என்று முடிவுசெய்யுங்கள். என்னைக் கேட்டால் முதல் போர் ஓர் உள்நாட்டுப் போராக இருப்பது நல்லது. காரணம் எளிது. ஒரே நாட்டுக்காரர்கள் பிரிந்து நின்று அடித்துக்கொள்ளும்போது உடை, ஆயுதம், தொப்பி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரே வகைப் பெட்டியில் இரண்டு வாங்கி, நிறத்தை மட்டும் மாற்றினால் இரண்டு படை தயார். எதிர்ப்படை வைத்திருக்கும் ஆள் கிடைக்காவிட்டாலும், ஒரு நண்பரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவருக்கும் ஒரு படையைக் கொடுத்துவிடலாம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துப் படையை மட்டும் சேர்த்துவிட்டு, எதிரி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பாருங்கள். வடக்கு நீலம், தெற்கு சாம்பல் என்று பொதுவாகச் சொல்வோம். முதல் வருடத்தில் அதுகூட நிச்சயமில்லை. 1861 ஜூலை 21 அன்று நடந்த முதல் புல் ரன் போரில் வடக்குப் பக்கம் நின்ற 2-ஆம் விஸ்கான்சின் படைப்பிரிவு சாம்பல் உடையில் வந்து, சொந்த ஆட்களிடமே சூடு வாங்கியது. அதே நாளில் தெற்கின் 33-ஆம் வர்ஜீனியா படைப்பிரிவு நீல உடையில் நெருங்கி வந்தது. வடக்கின் பீரங்கி அதிகாரி கிரிஃபின் சுடத் தயாராக இருந்தார். அவருடைய மேலதிகாரி பாரி, அது நமக்குத் துணையாக வரும் படை என்று சொல்லித் தடுத்துவிட்டார். அடுத்த நிமிடம் அந்த 'துணைப்படை' ஒரே வீச்சில் சுட்டு பீரங்கிகளைப் பிடித்தது. ஆக, நிறம் மாற்றி அடித்துவிட்டோமே என்று பிற்பாடு கவலைப்பட்டால், அந்தப் படைப்பிரிவை 1861-க்கு அனுப்பிவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

இங்கிலாந்து உள்நாட்டுப் போர் இன்னும் வசதி. அங்கே இரு தரப்பையும் பிரித்துக் காட்டியது பல நேரங்களில் தோளிலோ இடுப்பிலோ கட்டிய ஒரு துணிப்பட்டை மட்டும்தான். 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் களத்தில் நாடாளுமன்றப் பக்கம் இருந்த ஃபோர்டெஸ்க்யூ என்பவர் தன் குதிரைப்படையோடு மன்னர் பக்கம் தாவினார். தாவிய வேகத்தில் ஆரஞ்சுப் பட்டையைக் கழற்ற அவருடைய ஆட்களில் பலர் மறந்துவிட்டார்கள். புதிய நண்பர்கள் கையாலேயே சிலர் செத்தார்கள். அந்தப் பட்டைக்கு நீங்கள் செலவழிக்கப்போவது ஆளுக்கு ஒரு தூரிகைக் கோடு.

பழங்காலம் பிடிக்கும் என்றால் கி.மு. 48-ல் ஃபார்சலஸில் ரோமானியத் தளபதிகள் சீசரும் பாம்பேயும் மோதிய போர் இருக்கிறது. இரண்டு பக்கமும் ரோமானியர்தான், கேடயத்தின் நிறம் மட்டும் மாறினால் போதும். சீசரே எழுதிய கணக்குப்படி அவரிடம் 22,000 பேர், பாம்பேயிடம் 45,000 பேர். குதிரைப்படையில் 1,000-க்கு 7,000. சிறிய படை ஜெயித்த கதை என்பதால் மேசையில் ஆடவும் சுவையாக இருக்கும்.

ஆனால் இந்த இடத்தில்தான் புதியவர்கள் வழுக்குவார்கள். கடையில் 'ரோமானிய வீரர்கள்' என்று போட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை பேரரசுக் காலத்தவை. இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த கவசம் போட்டிருப்பார்கள், சினிமாவில் பார்ப்பது போல. அந்தக் கவசம் சீசர் செத்து ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் நமக்குத் தடயமாகக் கிடைக்கிறது. சீசரின் ஆட்கள் போட்டது சங்கிலிக் கவசம். நெப்போலியன் காலத்துக்கு வந்தால் சங்கடம் இன்னும் அதிகம். பிரெஞ்சுக் காலாட்படை 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் இரண்டு முனை மடித்த பெரிய தொப்பியோடு நின்றது. அடுத்த ஓரிரு வருடங்களில் உருளைவடிவ ஷாக்கோ தொப்பி வந்தது. 1812 விதிகளில் கோட்டின் வாலையே வெட்டிக் குட்டையாக்கினார்கள். பிரிட்டிஷ்காரர்களும் அதே காலத்தில் ஷாக்கோவை மாற்றினார்கள். அதனால் 1815-ல் நடந்த வாட்டர்லூ போரின் பெயர் போட்ட பெட்டியை வாங்கி ஆஸ்டர்லிட்ஸ் ஆட முடியாது. முடியும், யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உறுத்தும். பெட்டியில் போரின் பெயரைவிட ஆண்டைத் தேடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 172 செ.மீ. உயரமுள்ள ஒரு மனிதரை 72-ஆல் வகுத்தால் சுமார் 24 மி.மீ. வரும். அதுதான் 1/72. 28 மி.மீ. என்று சொல்லப்படுவது தோராயமாக 1/56. அதே மனிதர் அங்கே 30 மி.மீ.க்குச் சற்று மேல் நிற்பார். பிறகு ஏன் 28 என்கிறார்கள் என்றால், பல தயாரிப்பாளர்கள் பாதத்திலிருந்து உச்சந்தலைவரை அளக்காமல் கண்வரை அளக்கிறார்கள். அது மட்டுமல்ல, 28-ல் தலையும் கைகளும் துப்பாக்கியும் கொஞ்சம் பருமனாகச் செதுக்கப்பட்டிருக்கும், தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக. அதனால் 1/72 வீரனை அவன் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி போல இருக்காது, அப்பா பிள்ளை போல இருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே 1/72 என்று போட்டாலும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். ஒரே பேஸில், அதாவது வீரர்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டில், ஒரே கம்பெனி ஆட்களை நிறுத்தினால் கண் அதைக் கண்டுகொள்ளாது.

இதற்கும் சிறிதாக வேண்டுமென்றால் 15 மி.மீ.யிலும் பிளாஸ்டிக் உண்டு. வார்லார்ட் கேம்ஸ் 2021-ல் கொண்டுவந்த 13.5 மி.மீ. வரிசையில் வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி ஒரு பட்டையாகவே வருவார்கள். பெரிய போரைச் சின்ன மேசையில் காட்ட அது நல்ல வழி. 54 மி.மீ. வீரர்கள் அழகுதான். ஆனால் அவர்களுக்கு மேசை போதாது, தோட்டம் வேண்டும்.

அடுத்ததை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் மனம் உடைந்து விட்டுப்போகிறார்கள். 'பிளாஸ்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன.

1/72 பெட்டிகளில் பெரும்பாலும் வருவது பாலிஎத்திலீன் வகை மென்பிளாஸ்டிக். வாளி, குவளை செய்கிற குடும்பம். வளைத்தால் வளையும், கீழே போட்டால் உடையாது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1959-ல் சிறிய வீரர்களை வெளியிடத் தொடங்கியபோது பயன்படுத்தியது இதைத்தான். அதற்கு முன் நெடுங்காலம் பொம்மைச் சிப்பாய் என்றால் பெரும்பாலும் ஈயம். வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893-ல் உள்ளே வெறுமையாக ஈயம் வார்க்கும் முறையைக் கொண்டுவந்து அந்தச் சந்தையையே பிடித்திருந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் மேசைப் போருக்கு விதிகள் எழுதியபோது அவர் தரையில் பரப்பி ஆடியது அந்த ஈயச் சிப்பாய்களைத்தான். பிளாஸ்டிக் வந்ததும் ஒரு பையன் தன் கைச்செலவுக் காசில் ஒரு பெட்டி நிறைய ஆட்களை வாங்க முடிந்தது. இன்று நரை விழுந்த வார்கேமர்கள் பலர் அப்படி ஆரம்பித்தவர்கள்தான்.

இந்த மென்பிளாஸ்டிக்கின் குணம், அதன்மேல் எதுவும் ஒட்டாது. பெயின்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. நான் முதன்முதலில் 48 பேருக்குக் கழுவாமல், பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல், நேரடியாக வண்ணம் அடித்தேன். அழகாகத்தான் இருந்தார்கள். முதல் ஆட்டம் முடிந்து பெட்டியில் எடுத்து வைக்கும்போது துப்பாக்கிகளும் அவற்றின் முனையில் இருக்கும் பயனெட் கத்திகளும் பாம்பு சட்டை உரிப்பது போல உரிந்தன. செய்யவேண்டியது இவ்வளவுதான்: அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகப் பூசும் எண்ணெய் போன்ற பொருள் மேலே படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பிளாஸ்டிக்குக்கான பிரைமர். பிறகு அக்ரிலிக் பெயின்ட், அது காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முடிந்ததும் வார்னிஷ். சிலர் வார்னிஷுக்கு முன் தண்ணீர் கலந்த பிவிஏ என்ற வெள்ளைப் பசையை ஒரு பூச்சு கொடுப்பார்கள். காய்ந்ததும் அது மெல்லிய தோல் போலச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

ஈட்டி வளைந்து வந்தால் பயப்படாதீர்கள். சூடான நீரில் சில நொடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வையுங்கள். அப்படியே நிற்கும். ஓரத்தில் தெரியும் அச்சுக்கோட்டை அரத்தால் ராவாதீர்கள், நார்நாராகக் கிளம்பும். புதிய பிளேடால் ஒரே இழுப்பில் சீவவேண்டும். தலையை மாற்றவேண்டுமென்றால் வெறும் சூப்பர் க்ளூவை நம்பாமல் உள்ளே ஒரு மெல்லிய கம்பி குத்தி இணையுங்கள்.

இரண்டாவது வகை பாலிஸ்டைரீன், கடின பிளாஸ்டிக். விமான மாடல் கட்டியிருந்தால் இது உங்களுக்குப் பழகியதுதான். 28 மி.மீ. பெட்டிகள் பெரும்பாலும் இதில் வரும். உடல், தலை, கை, முதுகுப்பை எல்லாம் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கான பாலிசிமென்ட் பசை ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்த பிறகு அது ஒரே துண்டுதான். வெட்டிப்போட்ட சட்டத் துணுக்குகளை அந்தப் பசைக் குப்பியிலேயே கரைத்து வைத்தால் இடைவெளி நிரப்ப இலவச மாவு கிடைக்கும். பிரைமர் அழகாகப் பிடிக்கும். குறை என்னவென்றால் ஒவ்வொருவனையும் கட்டவேண்டும். முப்பது நாற்பது பேருக்குத் தலையும் கையும் ஒட்டிய மாலையில் உங்களுக்கே கை ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பயனெட் கீழே விழுந்தால் முறியும், வளையாது.

ஏன் தனித்தனித் துண்டுகள்? பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தத்தில் செலுத்தும் உலோக அச்சு இரண்டு பாதியாக நேராகத் திறக்கும். திறக்கும் திசையிலிருந்து மறைந்திருக்கும் குழிவை அதில் எடுக்க முடியாது. அதனால் ஒரே துண்டாக வார்த்த வீரனின் கைக்கும் மார்புக்கும் நடுவே தேவையில்லாத பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஆள் புத்தகத்தில் வைத்த இலை மாதிரித் தட்டையாக இருப்பான். துண்டாக்கினால் அந்தத் தொல்லை தீரும். அந்த அச்சு செய்ய முதல் செலவு மிக அதிகம், பிறகு ஒவ்வொரு பிரதியும் மலிவு. எனவே நிறைய விற்கும் என்று தெரிந்த போர்களுக்குத்தான் பிளாஸ்டிக் வரும்: நெப்போலியன், அமெரிக்க உள்நாட்டுப் போர், ரோம், இரண்டாம் உலகப் போர். அதிகம் பேர் ஆடாத போர் என்றால் ரப்பர் அச்சில் சுழற்றி வார்க்கும் உலோக வீரர்கள், அல்லது இப்போது முப்பரிமாண அச்சு. உங்களுக்குப் பிடித்த போர் பிளாஸ்டிக்கில் இல்லையென்றால் அதன் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

28 மி.மீ.யில் பெரி, விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் மூன்றும் நம்பி வாங்கக்கூடியவை. பெரி என்பது ஆலன், மைக்கேல் என்ற இரட்டைச் சகோதரர்கள். மைக்கேல் 1996-ல் ஒரு வரலாற்று மறுநடிப்பு நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்தார். பிறகு இடக்கையால் செதுக்கப் பழகி இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார். அவருடைய சிப்பாய்கள் நிற்கும் தோரணையில் ஒரு களைப்பு தெரியும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். 1/72-ல் ஹாட், இத்தாலேரி, ஸ்வெஸ்தா, ரெவெல், சீசர் என்று பட்டியல் நீளும். ஏர்ஃபிக்ஸின் பழைய அச்சுகளிலிருந்தும் அவ்வப்போது மறுபடி வரும். எஸ்கி என்ற பழைய இத்தாலியக் கம்பெனியின் அச்சுகளில் பல இப்போது இத்தாலேரி பெயரில் வருகின்றன. ஆகவே பெட்டி புதிது என்பதால் உள்ளே இருப்பவனும் புதியவன் என்று நினைக்கவேண்டாம்.

பெட்டியின் பின்புறத்தை வாங்குவதற்கு முன் பாருங்கள். அங்கே எத்தனை நிலைகளில் வீரர்கள் இருக்கிறார்கள் என்று காட்டியிருக்கும். முன்பக்க ஓவியம் நம்மை மயக்குவதற்கு. நெப்போலியன் காலக் காலாட்படை தோளில் துப்பாக்கி வைத்து வரிசையாக நடந்தது, வரிசையாக நின்று சுட்டது. ஆனால் பழைய பெட்டிகளில் ஒருவன் தவழ்வான், ஒருவன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பான், ஒருவன் செத்துக் கிடப்பான், பத்து அதிகாரிகள் வாளைத் தூக்குவார்கள். நடந்துபோகும் சாதாரண சிப்பாய் நாலே நாலு பேர் இருப்பான். நமக்கு வேண்டியதோ அவன் இருபது பேர். ஒரே நிலையில் நடக்கும் ஆட்களை மட்டும் கொண்ட பெட்டியைப் பார்த்தால் சலிப்பாகத் தெரியும். மேசையில் அணிவகுத்ததும் அதுதான் படை மாதிரி இருக்கும்.

எவ்வளவு வாங்குவது? வாட்டர்லூவில் நெப்போலியனிடம் சுமார் 72,000 பேர். ஒரு பொம்மைக்கு 20 மனிதர் என்று கணக்கு வைத்தாலும் பிரெஞ்சுப் பக்கத்துக்கு மட்டும் 3,600 பொம்மை. அதை நினைத்துப் பெட்டி வாங்க ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் இன்னும் பெட்டிதான் வாங்குகிறார்கள். அதே வாட்டர்லூவில் லா ஹே சேன்ட் பண்ணைவீட்டைக் காத்தவர்கள் போர் தொடங்கும்போது சுமார் 400 பேர். அதே கணக்கில் 20 பொம்மை. தாக்க வரும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டு பெட்டி, நடுவில் அட்டையில் செய்த ஒரு பண்ணைவீடு. ஒரு மாலை முழுக்க ஆடலாம். பெரிய போரின் ஒரு மூலையைப் பிடியுங்கள்.

பழங்காலப் போருக்கு 1990-ல் வெளியான டிபிஏ விதிகள் இந்த வகையில் பெரிய உபகாரம். ஒரு படைக்குப் பன்னிரண்டு பேஸ் மட்டுமே. ஒரு பேஸில் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு பேர்தான், யானை என்றால் ஒன்றே ஒன்று. பெரும்பாலும் ஐம்பது பேருக்குள் முழுப்படை முடிந்துவிடும். ஆட்டமும் ஒரு மணி நேரத்தில் முடியும். முதலில் இப்படி ஒன்றை முடித்துவிட்டு, அப்புறம் கனவு காணலாம். விதிகளைப் பற்றி வேறு சண்டைகள் ஏராளம். அதற்குள் இப்போது போகவில்லை.

பெயின்ட் விஷயத்தில் ஒரே ஒரு மனநிலை மாற்றம் வேண்டும்: நீங்கள் ஒரு சிப்பாயை வரையவில்லை, ஒரு படைப்பிரிவை வரைகிறீர்கள். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள், கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஐஸ் குச்சியில் ஆறு ஆறு பேராக ஒட்டிக்கொண்டு, இருபத்துநாலு பேருக்கும் கோட்டு, பிறகு இருபத்துநாலு பேருக்கும் கால்சட்டை, பிறகு முகம், பை, துப்பாக்கி என்று போகவேண்டும். கறுப்புப் பிரைமரின்மேல் அடித்தால் விட்டுப்போன இடமெல்லாம் நிழலாகிவிடும், சோம்பேறிகளின் தோழன் அது. முகத்தில் கண் வரையாதீர்கள். 1/72-ல் கண் வைத்தால் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான். கடைசியில் நீர்த்த பழுப்பு நிறத்தை எல்லார்மேலும் ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி, நீங்கள் போடாத உழைப்பைப் போட்டதாகக் காட்டும். வெள்ளைப் பிரைமர்மேல் ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் பெயின்ட்கள் 2019-ல் சிட்டாடலின் காண்ட்ராஸ்ட் வந்த பிறகு பரவலாகிவிட்டன. புதியவர்களுக்கு அதுவே போதும். எனக்கு இப்போது ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் ஆகும்.

பளபளப்பில்லாத ஸ்ப்ரே வார்னிஷை ஈரமான நாளில் அடிக்காதீர்கள். ஒரு மழை நாளில் அவசரப்பட்டு அடித்தேன். மூன்று வாரம் உழைத்த படை முழுக்க வெள்ளைப் பனி படிந்து நின்றது. மாஸ்கோவிலிருந்து பின்வாங்குகிறார்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அவர்கள் கோடைகால உடையில் இருந்த ரோமானியர்கள்.

பேஸ் வேலையைக் கடைசியில் களைத்துப்போய் அவசரமாக முடிக்கிறோம். உண்மையில் சுமாரான பெயின்டைக் காப்பாற்றுவது அதுதான். பிவிஏ தடவி, மெல்லிய மணல் தூவி, பழுப்பு அடித்து, மேடான இடங்களில் காய்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தேய்த்து, அங்கங்கே செயற்கைப் புல். இரண்டு படைக்கும் ஒரே மண், ஒரே புல். அடியில் காந்தத் தாள் ஒட்டினால் தகரப் பெட்டியில் கவிழாமல் நிற்பார்கள்.

பழைய பொருள் வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரைவில் வாங்குவீர்கள். பல பத்தாண்டு பழைய மென்பிளாஸ்டிக் வீரர்கள் சில சமயம் காய்ந்து நொறுங்கிப்போகும். நான் ஆசையாக வாங்கிய ஒரு பழைய பெட்டியில் குதிரைகளை எடுத்து நிறுத்தியபோது கணுக்கால்கள் பிஸ்கட் போல உடைந்தன. விற்பவரிடம் ஒரு துப்பாக்கியை மெதுவாக வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். வளைந்து திரும்பினால் வாங்கலாம். யோசித்தாரென்றால் பெட்டியை மூடி அவரிடமே கொடுத்துவிடுங்கள்.